நார்வே மொழியில் குமுளி சோதனைச் சாவடி

நான் எழுதியவற்றில் அதிகம் பேசப்பட்ட கவிதை, நான் மிகக் குறைவாக மெனக்கெட்டு எழுதியது. பெர்கன் நகரில் வேலை முடிந்து பேருந்துக்குக் காத்திருந்தபோது கைபேசியில் தட்டியது. மழை. பேருந்து தாமதம். அன்றைக்கு வேறு எதுவும் நடக்கவில்லை.

சோதனைச் சாவடியில் பேருந்து நின்றது.
எல்லோரும் இறங்கினோம்.
அம்மா என் கையை விடவில்லை.
அந்தப் பக்கம் மழை,
இந்தப் பக்கம் வெயில்.
பையில் என்ன என்று கேட்டார்கள்.
திராட்சை என்றாள் அம்மா.
நடந்தோம்.

நான் தேனிக்காரி. வீடு அல்லிநகரத்தில். கல்யாணமாகி நார்வேக்குப் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அங்கே நகராட்சியின் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கணவருக்குக் கப்பல் எஞ்சின் சம்பந்தமான வேலை. கவிதை எழுதத் தொடங்கியது அங்கே போன பிறகுதான். தமிழில்தான் எழுதுகிறேன். நார்வே மொழி பேசுவேன், படிப்பேன், அறிக்கை எழுதுவேன். கவிதை அதில் வருவதில்லை.

கவிதையில் வருவது குமுளி. சின்ன வயதில் பள்ளி விடுமுறைகளில் அம்மாவும் நானும் வண்டிப்பெரியாறுக்குப் போவோம். சித்தியை அங்கே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கம்பம், கூடலூர் தாண்டி, லோயர் கேம்ப்பில் மலையேறி, குமுளியில் நம்முடைய பேருந்து நின்றுவிடும். அதற்கு மேல் கேரளா. இறங்கி, கேட்டைத் தாண்டி நடந்து, அந்தப் பக்கம் நிற்கும் அவர்கள் பேருந்தில் ஏற வேண்டும். கீழே வெயில் கொளுத்தினாலும் மேலே தூறிக்கொண்டிருக்கும். செக்போஸ்ட்டில் காக்கிச்சட்டைக்காரர் ஒருவர் பைகளைத் தொட்டுப் பார்ப்பார். ஜீப்பும் லாரியும் நெருக்கியடித்து நிற்கும் இடம் என்பதால் அம்மா என் கையைப் பிடித்துக்கொள்வாள். பையில் சித்திக்குப் பன்னீர் திராட்சை இருக்கும். என்னைப் பொறுத்தவரை கவிதையில் இருந்தது இவ்வளவுதான்.

பேச்சில் நாங்கள் யாரும் அதைச் சோதனைச் சாவடி என்று சொன்னது கிடையாது, செக்போஸ்ட்தான். கவிதை என்பதால் அச்சுத்தமிழில் எழுதினேன்.

என் கவிதைகளை நார்வே மொழிக்குக் கொண்டுபோனவள் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். யாழ்ப்பாணப் பக்கத்தில் பிறந்து, ஆறு வயதில் தாயோடு நார்வேக்கு வந்தவள். அங்கேயே படித்து, பள்ளியொன்றில் நார்வே இலக்கியம் கற்பிக்கிறாள். அவளுடைய தமிழ் வீட்டுத்தமிழ். தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் நான் வாசித்ததைக் கேட்டுவிட்டு அருகே வந்து, "அக்கா, உங்கட கவிதையள மொழிபெயர்த்துப் பாக்கட்டோ?" என்று கேட்டாள். எனக்கு அதுவரை வாசகர் என்று சொல்ல முப்பது பேர் இருந்தால் அதிகம். சரி என்றேன்.

அந்த நகரத்தில் தமிழ் எழுதுகிறவர்களில் நான் ஒருத்திதான் இந்தியாக்காரி. மற்றவர்கள் ஈழத்திலிருந்து வந்தவர்கள். ஒரே மொழி, ஒரே அரங்கு, ஒரே வடை. ஆனால் அவர்கள் கவிதையில் 'ஊர்' என்று எழுதினால் அரங்கில் பாதிப் பேர் கண்ணைத் துடைப்பார்கள். நான் அதே சொல்லை எழுதினால் யாரும் துடைக்க மாட்டார்கள். துடைக்கத் தேவையும் இல்லை. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கொச்சிக்கு டிக்கெட் போட்டு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து போகிறவள் நான். என் ஊர் இருந்த இடத்தில் இருக்கிறது. தம்பி தினமும் அதன் படங்களை வாட்ஸப்பில் அனுப்புகிறான், பாதிக்கு மேல் புதிதாகத் திறந்த கடைகள்.

எனக்கு வந்த வித்தியாசம் மழையில்தான். மழை வருமா, ஆத்தில் தண்ணீர் திறப்பார்களா என்று பேசிக்கொண்டே இருக்கும் ஊரிலிருந்து, மழை ஓயாத ஊருக்குப் போனவள். பெர்கனில் மழையைப் பற்றி நல்லதாக ஒரு சொல் யாரும் சொல்வதில்லை. நான் பத்து மழைக் கவிதை எழுதினேன், எல்லாவற்றிலும் மழை வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி இருக்கிறது என்று மொழிபெயர்ப்பாளர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. "இஞ்ச பிறந்த ஆக்கள் ஒருத்தரும் இப்பிடி எழுத மாட்டினம்," என்றாள். அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள்.

சின்னப் பதிப்பகம் ஒன்று புத்தகமாகக் கொண்டுவந்தது. இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் நார்வே. அச்சுக்குப் போகும் முன் வலப்பக்கத்தை நான் வாசித்தேன். சோதனைச் சாவடிக் கவிதை என்னுடையதைவிடக் கொஞ்சம் கனமாக இருந்ததாகத் தோன்றியது. மொழியின் இயல்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வெளியீட்டு விழா நூலகத்தில் நடந்தது. வாசித்து முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு நார்வேக்கார அம்மாள் கையை உயர்த்தினார். ஓய்வுபெற்ற மருத்துவராக இருக்கலாம், அப்படியொரு நிதானம். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"பையில் உண்மையில் என்ன இருந்தது?"

எனக்குக் கேள்வி விளங்கவில்லை. "திராட்சைதான்," என்றேன். அவர் புரிந்துகொண்டவர் போலத் தலையை அசைத்தார். நான் சொல்ல விரும்பவில்லை என்று எடுத்துக்கொண்டார் என்பது பிறகுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு இதே கேள்வி இன்னும் சில இடங்களில் வந்தது. உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த மதிப்புரை, சிறுவயதில் ராணுவக் காவலைத் தாண்டி வந்த ஒருவரின் அடங்கிய குரல் என்று எழுதியது. அகதிகளுக்காக ஒரு கூட்டம் நடத்துகிறவர்கள் வாசிக்கக் கூப்பிட்டார்கள். நான் அகதி இல்லை, இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த குடும்பம் என்று பதில் எழுதினேன். பரவாயில்லை, அந்தக் கவிதை மட்டும் போதும் என்று எழுதினார்கள். அன்றைக்குத்தான் வலப்பக்கத்தை அகராதியோடு உட்கார்ந்து படித்தேன்.

"எல்லோரும் இறங்கினோம்" என்ற வரி அங்கே "எல்லோரும் இறக்கப்பட்டோம்" என்று இருந்தது. கேட்டார்கள் என்பதற்கு விசாரணை என்ற வாடை உள்ள ஒரு சொல். சோதனைச் சாவடிக்கு அந்த மொழியில் சுங்கக்காரர்களுக்கு ஒரு சொல்லும் ராணுவத்துக்கு ஒரு சொல்லும் உண்டு. அவள் இரண்டாவதைப் போட்டிருந்தாள். மூன்றே மூன்று இடம். திராட்சை என்ற சொல்லை அவள் தொடவில்லை. ஆனால் மற்ற மூன்றும் மாறியதால் திராட்சை பொய்யாகிவிட்டது.

நான் அவளைக் காப்பி குடிக்கக் கூப்பிட்டுச் சொன்னேன். குமுளி என்றால் என்ன, இரண்டு மாநிலம் சேரும் இடம், பேருந்து அங்கே முடிகிறது, நேந்திரம் சிப்ஸும் ஏலக்காயும் விற்கும் கடைகள், அவ்வளவுதான் என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஆமி இல்லையோ?"

"எந்த ஆர்மி? ரேஷன் அரிசி கடத்துறாங்களான்னு பாக்க ஒருத்தர் நிப்பாரு."

அவள் சிரித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்து, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்த பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அக்கா, நான் ஒரு சொல்லைக்கூட வேணுமெண்டு மாத்தேல்லை. எனக்கு அது அப்பிடித்தான் தமிழிலயே இருந்தது," என்றாள். பிறகு, "எனக்கு அந்த இடத்தைப் பாக்கவேணும்," என்றாள்.

அந்த வருட ஜூலையில் அவளுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு உறவினர் கல்யாணம் இருந்தது. நான் தேனியில் விடுப்பில் இருந்தேன். கல்யாணம் முடிந்து கொழும்பிலிருந்து மதுரைக்கு விமானத்தில் வந்தாள். தம்பியின் காரில் போய் அழைத்து வந்தோம்.

வாசலில் அம்மா நின்றிருந்தாள். வந்தவள் காரிலிருந்து இறங்கி, "வணக்கம் அம்மா, எப்பிடி சுகமா இருக்கிறியளோ?" என்றதும் அம்மா முகம் மலர்ந்து, "சுகந்தன்னே! வரூ, வரூ," என்றாள். நார்வேத் தோழி என்று மட்டும்தான் நான் சொல்லியிருந்தேன், கேரளப் பிள்ளை என்று நினைத்துவிட்டாள். சித்தி வீட்டுக்குப் போய்வந்த காலத்தில் கற்ற மலையாளம் முழுவதையும் அந்த அரைமணி நேரத்தில் செலவழித்தாள். நான் இலங்கை என்று சொன்ன பிறகு, "அதை மொதல்லயே சொல்லக்கூடாதா? நானும் என்னத்தப் பேசுனாலும் இந்தப் பிள்ள முழிக்குதேன்னு பாத்தேன்," என்றாள். அவளிடம் தமிழில் பேசுவதற்கே அம்மா தயங்கியது ஒருநாள் முழுக்க நீடித்தது. இலங்கைப் பெண்ணுக்கும் அம்மாவின் தேனித் தமிழ் பாதிதான் பிடிபட்டது. இடையில் நான் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை தம்பி காரை எடுத்தான். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம். கம்பம் தாண்டித் திராட்சைப் பந்தல் ஒன்றின் பக்கத்தில் நிறுத்தச் சொல்லி, அவள் உள்ளே குனிந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பழம் இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. மலையேறும்போது நிறையப் பேசிக்கொண்டே வந்தாள். மேலே ஏற ஏறக் குளிர்ந்தது, கண்ணாடியில் தூறல் விழுந்தது.

செக்போஸ்ட்டுக்குச் சற்று முன்னால் வண்டிகள் வரிசையில் நின்றன. கம்பும் காக்கிச்சட்டையுமாக ஒரு காவலர் ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் வண்டிக்கு இன்னும் நாலைந்து வண்டி இருந்தது. பின்சீட்டில் பேச்சு நின்றுவிட்டதை நான் உடனே கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். சிவப்பு நார்வே பாஸ்போர்ட்டை வெளியே எடுத்து, படம் உள்ள பக்கத்தைத் திறந்து மடியில் வைத்திருந்தாள். இரண்டு கையும் கண்ணுக்குத் தெரியும்படி அதன்மேல் இருந்தன.

தம்பி கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சிரித்தான். "எதுக்கு பாஸ்போர்ட்டெல்லாம் எடுக்குறீக? இங்கன அரிசி மூட்டை, கோழி வண்டி இருந்தாத்தான் கேப்பாக."

காவலர் எங்களைப் பார்த்தார், கையை வீசிப் போகச் சொன்னார். அவள் பாஸ்போர்ட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். பிறகு அவளும் சிரித்தாள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி நடந்தோம். மாநில எல்லை என்று எழுதிய பலகையைப் படம் எடுத்தாள், மிளகு வாங்கினாள், அந்தப் பக்கம் போய் டீ குடித்தோம்.

மதியம் வீடு திரும்பிச் சாப்பிட உட்கார்ந்தபோது தம்பி அம்மாவிடம் பாஸ்போர்ட் கதையைச் சொன்னான். அவன் கேலியாகச் சொல்லவில்லை, ஆனாலும் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னடா சிரிப்பு? அந்த எடத்துல நின்னு எனக்கே வெடவெடன்னு வந்திருக்கு."

"ஒனக்கு எதுக்கும்மா வருது?" என்றான் தம்பி.

"அரிசி கொண்டுக்கிட்டுப் போனேன்ல."

"எந்த அரிசி?" இதைக் கேட்டது நான்.

"ரேசன் அரிசிதான். ஒஞ் சித்திக்கு அங்கன குடுக்குற செவப்பரிசி ஒத்துக்கல. வயித்தப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தா. அதான், பைக்கு அடியில அரிசியப் போட்டு, மேல தெராச்சைய அடுக்கிக் கொண்டு போவேன். பிடிச்சா கேசு எழுதிருவாகன்னு சொன்னாக. ஒங்கப்பாவுக்குக்கூடத் தெரியாது."

"ஒவ்வொரு தடவையுமா?"

"பின்ன? ஒன்னையக் கூட்டிட்டுப் போனதே அதுக்குத்தானத்தா. பிள்ளைய வச்சுக்கிட்டுப் போனா ரொம்பத் துழாவ மாட்டாக." இதைச் சொல்லிவிட்டு அம்மா விருந்தாளியின் பக்கம் திரும்பினாள். "நீ சாப்பிடு தாயி. பயம்னா எல்லாருக்கும் வரத்தான் செய்யும்."

அவள் சாப்பாட்டில் கை வைத்தபடியே என்னைப் பார்த்தாள். அம்மா பேசியதில் எவ்வளவு அவளுக்குப் புரிந்தது என்று தெரியாமல் நான் மெதுவாகத் திருப்பிச் சொல்லத் தொடங்கினேன். "விளங்கிச்சு அக்கா," என்றாள்.

எனக்கு முதலில் வந்தது எரிச்சல். என் கவிதையில் இருந்த பையைப் பற்றி எனக்குத் தெரியவில்லை. லாரிக்குப் பயந்து என் கையைப் பிடித்ததாக முப்பத்தைந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். தேனியைப் பார்த்தே இராத ஒருத்தி அந்த எட்டு வரியில் பயம் இருக்கிறது என்று படித்திருக்கிறாள். பெர்கனில் ஒரு முன்வரிசை அம்மாள் பையில் வேறு என்னவோ இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். நான்தான் மேடையில் நின்று, திராட்சை, திராட்சை என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அம்மா அந்தக் காக்கிச்சட்டையிடம் சொன்ன மாதிரியே.

சாயங்காலம் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ பாட்டுக்கு அந்த அரிசியையெல்லாம் பொஸ்தகத்துல எழுதி வச்சிராத," என்றாள். சரி என்று சொன்னேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள் என்றும் சொன்னேன். அவள் நம்பவில்லை.

இரண்டு நாள் கழித்து விருந்தாளியை மதுரை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டோம். தம்பி ஓட்ட, நாங்கள் இருவரும் பின்சீட்டில். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியிருப்போம். இரண்டாம் பதிப்புக்கு அந்தக் கவிதையைத் திருத்துவதைப் பற்றி நான் பேச்செடுத்தேன்.

"நீ போட்டதை அப்படியே விட்டுடலாமோன்னு தோணுது. ஒரு வகையில அதுதான் சரி."

"இல்லை அக்கா, மாத்தவேணும்," என்றாள். சன்னலுக்கு வெளியே பார்த்தபடிதான் பேசினாள். "அம்மாவின்ர பயம் அரிசி போயிடும், கேஸ் வரும் எண்டது. எங்கட அம்மாவின்ர பயம் வேற. எங்கட பஸ்ஸில அண்ணாவை இறக்கினவங்கள். திருப்பி ஏத்தேல்லை. நான் அதைக் கொண்டுவந்து உங்கட கவிதைக்குள்ள வச்சிட்டன்."

அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது. ஐந்து வருடப் பழக்கம், நூற்றுக்கணக்கான சொற்களைப் பற்றித் தொலைபேசியில் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம். அண்ணனுக்கு அப்போது என்ன வயது என்று கேட்டேன். பதினேழு என்றாள். தம்பி உசிலம்பட்டியில் ஒரு டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினான். அவளுக்குச் சர்க்கரை குறைவாகப் போடச் சொல்லி அவனே வாங்கி வந்து கொடுத்தான். மூன்று நாளில் அவள் டீ எப்படிக் குடிப்பாள் என்று அவன் கவனித்து வைத்திருந்தான்.

இரண்டாம் பதிப்பு வந்தது. மூன்று சொற்களும் மாறின. இறக்கப்பட்டோம் என்பது இறங்கினோம் ஆனது. சுங்கக்காரர்களின் சொல் உள்ளே வந்தது. பதிப்பாளருக்கு வருத்தம்தான், மின்னஞ்சலில் நாகரிகமாகத் தெரிவித்தார். அதன் பிறகு நான் வாசித்த கூட்டங்களில் பையில் என்ன இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இப்போது என்னிடம் உண்மையான பதில் இருந்தது. மழைக் கவிதைகளைக் கேட்டு வாங்கி வாசிக்கச் சொல்கிறார்கள். அகதிகள் கூட்டத்துக்காரர்கள் மறுபடி எழுதவில்லை.

அந்தக் கவிதையை அரிசியோடு சேர்த்துத் திரும்ப எழுதிப் பார்த்தேன். வரவில்லை. எனக்குத் தெரியாமல் இருந்ததுதான் அதை எட்டு வரிக்குள் வைத்திருந்தது போலும். விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் அவள் ஒரு கவிதை எழுதினாள். தன் பெயரில், நார்வே மொழியில், அங்குள்ள இலக்கிய இதழ் ஒன்றில். அச்சான பிறகுதான் எனக்கு அனுப்பினாள். அதில் சாவடி என்ற சொல்லே கிடையாது. ராணுவமும் இல்லை. பேருந்தில் ஒரு சிறுமி பழம் உரிக்கிறாள். பாதியைத் தின்றுவிட்டு, மீதிப் பாதியை அண்ணனுக்கென்று கையில் வைத்திருக்கிறாள். பேருந்து கிளம்புகிறது. அவள் கையில் அந்தப் பாதி இருக்கிறது. ஊர் வந்து சேர்ந்தும் இருக்கிறது. அதோடு முடிகிறது.

நான் அதைத் தமிழில் போடட்டுமா என்று கேட்டேன். "நீங்கள் செய்யிறதெண்டா செய்யுங்கோ," என்றாள். அது ஒரு மாதம் பிடித்தது. நார்வே மொழியில் அந்தப் பழம் வெறும் ஆரஞ்சுதான், அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும் ஆரஞ்சு. தொலைபேசியில் கூப்பிட்டு, வீட்டில் நீங்கள் அதை என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டேன். தோடம்பழம் என்றாள். அந்தச் சொல்லை அவள் சொன்ன விதத்தில் கொஞ்சம் வேகம் குறைந்தது. நான் தோடம்பழம் என்றே எழுதினேன்.

தமிழ் வடிவத்தை மதுரையிலிருந்து வரும் ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். ஆசிரியர் அழைத்தார். கவிதை பிடித்திருக்கிறது என்றார். ஒரே ஒரு சந்தேகம்.

"தோடம்பழம்னா ஆரஞ்சு தானுங்களே? நம்ம வாசகர்களுக்குப் புரியாது. ஆரஞ்சுன்னே போட்டுறலாமா? இல்லாட்டி கீழ ஒரு குறிப்பு?"

"ரெண்டும் வேண்டாம் சார். இருக்கட்டும்," என்றேன்.

"நீங்க தேனிதானம்மா? நீங்களே ஆரஞ்சுன்னுதான சொல்லுவீக?"

"நான் ஆரஞ்சுன்னுதான் சொல்லுவேன். இது அந்தப் பிள்ளையோட கையில இருந்த பழம்."

சரி என்றார். அடுத்த இதழில் அப்படியே வந்தது.